சிரித்தால் தோல்வி: ‘சிரிச்சா போச்சு’ பகடிக் காட்சியும் தமிழ் நகை மரபும்

ஆய்வுச் சுருக்கம்

விஜய் தொலைக்காட்சியின் ‘அது இது எது’ நிகழ்ச்சியில் இடம்பெற்ற ‘சிரிச்சா போச்சு’ சுற்று, பார்வையாளர் முன்னிலையில் நிகழ்த்தப்படும் குறு நகைச்சுவை நாடக வடிவமாகும். இச்சுற்றில் ‘சொல்வதெல்லாம் உண்மை’ நிகழ்ச்சியைப் பகடி செய்து நடிகர் ராமர் நிகழ்த்திய காட்சி 2010களின் நடுப்பகுதியில் பெரும் வரவேற்பைப் பெற்றது. இக்கட்டுரை அக்காட்சியை மூன்று நிலைகளில் மதிப்பிடுகிறது. முதலாவது, ஸ்பெஷல் நாடக மேடையின் பபூன் மரபோடு அதற்குள்ள வடிவத் தொடர்பு. இரண்டாவது, தொல்காப்பிய மெய்ப்பாட்டியலும் அதன் உரைகளும் வகுத்த நகையின் நிலைக்களன்களில் அதற்குரிய இடம். மூன்றாவது, கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனின் ‘கிந்தனார்’ பகடியோடு ஒப்பிடுகையில் அது அடைந்ததும் தவறவிட்டதும். நகைச்சுவைக் காட்சி ஒன்றை மதிப்பிடும்போது ‘சிரிப்பு வந்ததா’ என்பதைவிட ‘அச்சிரிப்பின் சுமையை யார் ஏற்றார்’ என்பதே அடிப்படை வினாவாக அமைய வேண்டும் என்பது இக்கட்டுரையின் முடிபு.

முக்கியச் சொற்கள்: மெய்ப்பாடு, நகை, எள்ளல், பகடி, பபூன், ஸ்பெஷல் நாடகம், கிந்தனார், தொலைக்காட்சி நகைச்சுவை, தளவாய்புரம்.

1. முன்னுரை

தமிழ்த் திரைப்பட நகைச்சுவை குறித்து நூல்களும் ஆய்வேடுகளும் உள்ளன. என்.எஸ். கிருஷ்ணன் முதல் வடிவேலு வரையிலான நடிகர்களின் சமூகப் பங்களிப்பு பல கோணங்களில் ஆராயப்பட்டுள்ளது. தொலைக்காட்சி நகைச்சுவைக்கு அத்தகைய கவனம் கிடைத்ததில்லை. அது நாள்தோறும் வந்து மறைவது, எழுத்து வடிவம் அற்றது, கலைத்தகுதி குறைந்தது என்ற எண்ணமே இதற்குக் காரணம் எனலாம். ஆயினும் கடந்த கால் நூற்றாண்டில் தமிழ்க் குடும்பங்கள் ஒன்றாக அமர்ந்து சிரித்தது பெரும்பாலும் இவ்வடிவத்தின் முன்னர்தான்.

சென்னையில் தூர்தர்ஷன் ஒளிபரப்பு 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் தொடங்கியது. 1993இல் சன் தொலைக்காட்சி வந்த பின்னர்த் தனியார் அலைவரிசைகள் பெருகின. 2000களில் விஜய் தொலைக்காட்சியின் ‘லொள்ளு சபா’ தமிழ்த் திரைப்படங்களின் வாய்பாடுகளைப் பகடி செய்தது. ராம்பாலாவின் இயக்கத்தில் உருவான அந்நிகழ்ச்சியில் நடித்த சந்தானம், சுவாமிநாதன், மனோகர், ஜீவா உள்ளிட்டோர் பின்னர்த் திரைப்படங்களிலும் அறியப்பட்டனர். அதே அலைவரிசையின் ‘கலக்கப் போவது யாரு’, சன் தொலைக்காட்சியின் ‘அசத்தப் போவது யாரு’ ஆகியவை நகைச்சுவையை நடுவர்களும் பார்வையாளர்களும் சூழ்ந்த மேடைக்குக் கொண்டுவந்தன. 2009இல் தொடங்கிய ‘அது இது எது’ இவ்விரு போக்குகளையும் இணைத்தது. லொள்ளு சபாவின் வேடப் பகடியும் மேடைப் போட்டியின் நேர் எதிர்வினையும் ‘சிரிச்சா போச்சு’ சுற்றில் ஒன்றாயின.

இக்கட்டுரையாளர் விருதுநகர் மாவட்டம் இராசபாளையம் வட்டத்தைச் சேர்ந்த தளவாய்புரத்தில் வளர்ந்தவர். இவ்வூரின் முதன்மைத் தொழில்களுள் ஒன்று நைட்டி தைத்தல். தொலைக்காட்சி நகைச்சுவையில் ஆண் நடிகர் பெண்ணாக வரும்போது அணியும் வழக்கமான உடைகளுள் ஒன்றும் நைட்டியே. இந்த ஒற்றுமை தற்செயலானதாகத் தோன்றினும், இக்கட்டுரையின் மைய வினா அதிலிருந்தே எழுந்தது.

2. சுற்றின் விதியும் காட்சியின் அமைப்பும்

‘அது இது எது’ நிகழ்ச்சி மூன்று சுற்றுகளைக் கொண்டது. ‘குரூப்புல டூப்பு’, ‘சிரிச்சா போச்சு’, ‘மாத்தி யோசி’ என்பன அவற்றின் பெயர்கள். தொடக்கத்தில் சிவகார்த்திகேயனும் பின்னர் மா.கா.பா. ஆனந்தும் தொகுத்து வழங்கினர். இரண்டாம் சுற்றின் விதி எளிது. அழைக்கப்பட்ட போட்டியாளர் இருக்கையில் அமர்ந்திருப்பார். நகைச்சுவை நடிகர்கள் வேடமிட்டு வந்து அவரை நோக்கிப் பேசியும் ஆடியும் சிரிக்க வைக்க முயல்வர். போட்டியாளர் சிரித்துவிட்டால் தோற்றார்.

இவ்விதி நகைச்சுவையின் இயல்பான உறவைத் தலைகீழாக்குகிறது. சிரிப்பே நடிகருக்குக் கிடைக்கும் பாராட்டு. இங்கோ சிரிப்பவர் தண்டிக்கப்படுகிறார். எனவே இல்லத்தில் இருந்து காண்பவர் இரண்டு நிகழ்வுகளை ஒருங்கே காண்கிறார். ஒன்று, நடிகரின் ஆட்டம். மற்றொன்று, உதட்டைக் கடித்தும் தலையைக் குனிந்தும் கண்ணை விலக்கியும் சிரிப்பை அடக்கும் போட்டியாளரின் முகம். பல வேளைகளில் முன்னதைவிடப் பின்னதே பார்ப்பவரைச் சிரிக்க வைக்கிறது.

உள்ளத்தில் எழும் உணர்வு உடலின்வழிப் புறத்தார்க்குப் புலனாதலே மெய்ப்பாடு. அது கருதிச் செய்யப்படுவதன்று, தானாக வெளிப்படுவது. ‘சிரிச்சா போச்சு’ இந்தத் தன்னியல்பையே பந்தயப் பொருளாக்குகிறது. உடல் பொய் சொல்லாது என்ற நம்பிக்கை இல்லையேல் இச்சுற்றுக்குப் பொருளில்லை. பதிவுசெய்த சிரிப்பொலியைச் சேர்க்கும் தொடர்களில் ஐயத்துக்கு இடமுண்டு. இங்கோ அடக்க முயன்றும் அடங்காத சிரிப்பே சான்றாகிறது.

இச்சுற்றில் ராமர் நிகழ்த்திய பகடி, ஜீ தமிழ் தொலைக்காட்சியில் 2011இல் தொடங்கிய ‘சொல்வதெல்லாம் உண்மை’யை மூலமாகக் கொண்டது. குடும்பப் பிணக்கு உள்ளோரை எதிரெதிரே அமர்த்தி, நெறியாளர் ஒருவர் விசாரித்து அறிவுரை கூறுவது அதன் அமைப்பு. முதலில் நிர்மலா பெரியசாமியும் பின்னர் நடிகையும் இயக்குநருமான லட்சுமி ராமகிருஷ்ணனும் நெறியாளராக இருந்தனர். பகடியில் ராமர் பெண்வேடமிட்டு நெறியாளராக வந்தார். உடன் நடித்தோர் முறையிடுவோராகப் பொருந்தாத குறைகளைக் கூறினர். நெறியாளரின் பேச்சில் இயல்பாக வந்த ‘என்னம்மா இப்படிப் பண்றீங்களேம்மா’ என்ற தொடர், குரல் ஏற்ற இறக்கம் மிகைப்படுத்தப்பட்டு, காட்சியின் பல்லவி போல ஒலித்தது. அத்தொடர் அன்றாடப் பேச்சில் புகுந்தது. 2016இல் வெளிவந்த ‘ரஜினி முருகன்’ திரைப்படத்தில் பாடலாகவும் ஆனது. தம் பேச்சு இவ்வாறு கையாளப்பட்டது குறித்து லட்சுமி ராமகிருஷ்ணன் பொதுவெளியில் வருத்தம் தெரிவித்தார்.

3. இடைநிலைக் கேட்போர்: பபூன் மேடையின் தொடர்ச்சி

இச்சுற்றின் வடிவத்தை வெளிநாட்டுத் தொலைக்காட்சிப் போட்டிகளின் தழுவல் என்று மட்டும் கருதுவது போதாது. அதனைத் தமிழ்ப் பார்வையாளர் பயிற்சியின்றியே புரிந்துகொண்டதற்கு உள்ளூர் மரபு ஒன்று காரணமாகத் தோன்றுகிறது.

மதுரை, புதுக்கோட்டை உள்ளிட்ட தென்மாவட்டங்களில் கோயில் திருவிழாக்களை ஒட்டி இரவு முழுதும் நடைபெறும் ஸ்பெஷல் நாடகத்தில், ‘வள்ளி திருமணம்’ போன்ற கதை தொடங்கும் முன்னர்ப் பபூன் மேடையேறுவார். இந்நாடகத்தின் நடிகர்கள் ஒரே குழுவினர் அல்லர். ஒவ்வொருவரும் தனித்தனியே பேசி அமர்த்தப்பட்டு அன்றிரவே மேடையில் சந்திப்பர். ஒத்திகை இல்லை. சங்கரதாஸ் சுவாமிகள் வழிவந்த பாடல்களும் அறியப்பட்ட காட்சி வரிசையுமே அவர்களை இணைக்கும். எனவே பபூனின் நகைச்சுவை அந்த நேரத்து எதிர்வினையைச் சார்ந்தே வளரும்.

இந்நாடகத்தை 1990களில் மதுரையில் தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் சூசன் சைசர், 2005இல் வெளியிட்ட நூலில் முக்கியமான ஒரு கூறினைச் சுட்டியுள்ளார். பபூன் தம் தனிப்பேச்சைப் பார்வையாளரை நோக்கி நேராகக் கூறுவதில்லை. மேடையோரம் அமர்ந்திருக்கும் இசைக்கலைஞர்களிடம், சிறப்பாக மிருதங்கக் கலைஞரிடம், கூறுகிறார். ஆணும் பெண்ணும் கலந்த கூட்டத்தில் நேரே சொல்லக் கூசுவனவற்றை, ஓர் ஆண் தன் தோழனிடம் சொல்வதாக அமைக்கும்போது, கூட்டம் அதனை ஒட்டுக் கேட்கிறது. சொல்லுக்கும் கேட்போருக்கும் இடையே ஒரு தொலைவு உண்டாகிறது. அத்தொலைவே பேச்சுக்கு உரிமை வழங்குகிறது.

இவ்வாறு பேச்சை முதலில் ஏற்றுக் கூட்டத்துக்குக் கடத்துபவரை இக்கட்டுரை ‘இடைநிலைக் கேட்போர்’ எனக் குறிக்கிறது. வில்லுப்பாட்டில் முதன்மைப் பாடகருக்கு ‘ஆமா’ போடுபவர் அத்தகையவர். ‘சிரிச்சா போச்சு’ சுற்றில் இருக்கையில் அமர்ந்த போட்டியாளரும் அத்தகையவரே. நடிகர் அவரிடம் பேசுகிறார். நாம் ஒட்டுக் கேட்கிறோம்.

ஒற்றுமை உள்ள இடத்தில் வேறுபாடும் உண்டு. மிருதங்கக் கலைஞர் பபூனுக்கு மறுமொழி தருவார், இடையில் தடுப்பார், ‘அப்படியா சொன்ன?’ என்று கேட்டுப் பேச்சை வளர்ப்பார். பபூன் எல்லை மீறினால் தாளத்தாலும் சொல்லாலும் இழுத்து நிறுத்தும் இடத்தில் அவர் இருக்கிறார். ‘சிரிச்சா போச்சு’வின் போட்டியாளருக்கு அந்த உரிமை இல்லை. அவர் சிரிக்கக் கூடாது என்ற விதிக்கு உட்பட்டவர்; உணர்ச்சி காட்டாத முகமே அவரது வெற்றி. எனவே காட்சியில் உள்ள ஒரு சொல் புண்படுத்துவதாக இருப்பினும் அவரது அமைதி மறுப்பாகக் கொள்ளப்படாது, ஆட்டத்திறனாகவே கொள்ளப்படும். மரபின் இடைநிலைக் கேட்போரிடம் இருந்த தடுக்கும் ஆற்றலைத் தொலைக்காட்சி நீக்கிவிட்டது. இவ்வடிவ மாற்றம் சிறியது, விளைவு பெரியது.

4. நகையின் நிலைக்களன்கள்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றும் தோன்றுவதற்கு நந்நான்கு நிலைக்களன்களை வகுக்கிறது. நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடமை ஆகியவை உரியன. எள்ளல் என்பது இகழ்தல். இளமை என்பது பக்குவமின்மை. பேதைமை என்பது அறியாமை. மடமை என்பது பிறர் கொளுத்தியதை ஆராயாது பற்றிக்கொண்டு விடாதிருத்தல்.

இப்பகுதிக்கு உரை வகுத்த பேராசிரியர் எள்ளலை இரண்டாகப் பிரித்துக் காட்டுகிறார். தான் பிறரை எள்ளி நகுதல் ஒன்று. பிறரால் தான் எள்ளப்பட்டபோது நகுதல் மற்றொன்று. சிரிப்பவர் எப்போதும் மேலே நிற்பவர் என்ற பொதுக்கருத்தை இப்பகுப்பு மறுக்கிறது. எள்ளப்பட்டவரும் சிரிக்கலாம். அச்சிரிப்பு தோல்வியின் ஒப்புதலாகவும் இருக்கலாம். இகழ்ச்சியைப் பொருட்படுத்தாத பெருமிதமாகவும் இருக்கலாம். எதுவென்பதைச் சூழலே தீர்மானிக்கும்.

ராமர் நிகழ்த்திய காட்சியை இந்நான்கு களன்களில் பொருத்திக் காணலாம். நெறியாளரின் குரலையும் கையசைவையும் மிகைப்படுத்துவது எள்ளல். முறையிடுவோர் தம் குறையின் பொருந்தாமையை உணராமல் தீவிரமாகப் பேசுவது பேதைமை. நெறியாளர் எந்த வழக்கு வந்தாலும் ஒரே தொடரைத் திரும்பத் திரும்பச் சொல்வது மடமை. கொண்டதை விடாமை என்ற பொருளில் அது மிகச் சரியாகப் பொருந்துகிறது. காட்சியின் வலிமை இம்மூன்றாம் கூற்றில்தான் உள்ளது. வழக்கு எதுவாயினும் தீர்ப்பு ஒன்றே. குறை யாருடையதாயினும் கண்டிப்பு ஒன்றே. மாறாத அத்தொடரைத் திரும்பத் திரும்பக் கேட்கையில், முறையிட வந்தவரின் துயரத்துக்கு அதில் இடமே இல்லை என்பதைப் பார்வையாளர் உணர்கிறார். ஒரு தொலைக்காட்சி வடிவத்தின் மீதான கூர்மையான விமர்சனத்தை ஒரே ஒரு தொடரால் நிகழ்த்திக் காட்டியமை இப்பகடியின் வெற்றி.

5. அழுகைக்குரியது நகைக்குரியதாதல்

மூல நிகழ்ச்சியையும் இதே இயல்கொண்டு நோக்க வேண்டும். அழுகைக்குத் தொல்காப்பியம் கூறும் நிலைக்களன்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன. பிறரால் இகழப்படுதல், உற்றாரையோ உடைமையையோ இழத்தல், முன்னை நிலையிலிருந்து தாழ்தல், நுகர்வதற்கு ஏதுமற்ற நிலை என இவை விளக்கம் பெறும். ‘சொல்வதெல்லாம் உண்மை’யின் இருக்கைக்கு வந்தோரின் கதைகளை இந்நான்கும் ஏறக்குறைய முழுதாக உள்ளடக்கும். கைவிடப்பட்ட மனைவி, பிரிக்கப்பட்ட குழந்தை, நொடித்த குடும்பம், வழக்காடப் பணமில்லாத வறுமை ஆகியவையே அதன் பொருள். நீதிமன்றமும் காவல்நிலையமும் எட்டாத தொலைவில் உள்ளோர்க்குத் தொலைக்காட்சி ஒரு பஞ்சாயத்தாகத் தோன்றியது. அந்நிகழ்ச்சி மக்களிடம் பெற்ற செல்வாக்கை இப்பின்னணியில் காண்பதே நேர்மையாகும்.

அதேவேளை, தனிமனிதரின் குடும்ப வாழ்வை அது பொதுக்காட்சியாக்குகிறது என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. இவ்வகை முறையீட்டின்மீது 2018இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்நிகழ்ச்சியின் ஒளிபரப்புக்கு இடைக்காலத் தடை விதித்தது. ஆக, நீதிமன்றம் பின்னர் எழுப்பிய ஐயத்தை நகைச்சுவை மேடை சில ஆண்டுகள் முன்னரே எழுப்பியிருந்தது எனலாம்.

ஆனால் பகடி அந்த ஐயத்தை முழுமையாக எழுப்பியதா? இங்கேதான் காட்சியின் குறை தெரிகிறது. மூலத்தில் முறையிடுவோர் அழுகையின் களனில் நிற்கின்றனர். பகடியில் அவர்கள் பேதைமையின் களனுக்கு மாற்றப்படுகின்றனர். நெறியாளரின் அதிகாரம் எள்ளப்படும் அதே நேரத்தில், அவர்முன் அமர்ந்த ஏழையின் துயரமும் கேலிக்குரியதாகிவிடுகிறது. அதிகாரம் செலுத்துபவரும் அதற்கு உட்படுபவரும் ஒரே சிரிப்பில் கரைகின்றனர். காட்சி முடிந்தபின் பார்வையாளர் நினைவில் நெறியாளரின் தொடர் நிற்கிறது; முறையிட வந்தவரின் சொல் எதுவும் நிற்பதில்லை. மூல நிகழ்ச்சி எதற்காகக் குறைகூறப்பட்டதோ, அதே புறக்கணிப்பைப் பகடியும் வேறு வழியில் செய்துவிடுகிறது.

6. ‘கிந்தனார்’ என்னும் அளவுகோல்

பகடி இவ்வாறுதான் அமைய முடியும் என்பதில்லை. தமிழ் மரபிலேயே மாற்று எடுத்துக்காட்டு உள்ளது. 1949இல் கிருஷ்ணன் – பஞ்சு இயக்கத்தில் வெளிவந்த ‘நல்லதம்பி’ திரைப்படத்தில் என்.எஸ். கிருஷ்ணன் நிகழ்த்தும் ‘கிந்தனார்’ கதாகாலட்சேபம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையின் வடிவத்தைப் பகடி செய்கிறது. உடுமலை நாராயண கவியின் பாடல்கள் அதற்கு அமைந்தன. நந்தனார் தில்லை செல்ல ஏங்கினார். கிந்தனார் கல்வி கற்க ஏங்குகிறான். சாதியின் பெயரால் கல்வி மறுக்கப்பட்ட அவன் இரயிலேறிச் சென்னை சென்று கற்று, கல்வி அதிகாரியாகத் தன் ஊருக்கே திரும்புகிறான்.

இப்பகடியில் மாற்றப்பட்டவை எவை, மாற்றப்படாதவை எவை என்பது கவனத்துக்குரியது. காலட்சேபத்தின் இசைமுறை, பாகவதரின் நிலை, இடையிடையே உரைநடை விளக்கம் ஆகிய வடிவக் கூறுகள் மாறவில்லை. மாறியவை கதைத்தலைவன் சேர விரும்பும் இடமும் அங்குச் செல்லும் வழியுமே. பார்வையாளர் சிரிப்பது வடிவத்துக்கும் பொருளுக்கும் இடையிலான இடைவெளியைக் கண்டு. ஒடுக்கப்பட்டவனின் ஏக்கம் எங்கும் நகைப்பொருளாவதில்லை. கிந்தனின் வேட்கை முழுமையான மதிப்போடு நிற்கிறது. நகைக்கு இலக்காவது அவனைத் தடுத்தோரின் மடமை. மேலே கூறிய கலைச்சொல்லில் கூறுவதாயின், கிந்தனாரில் அழுகையின் களன் அழுகையின் களனாகவே காக்கப்பட்டு, நகையின் களன் அதற்கு எதிரே தனியாக அமைக்கப்பட்டுள்ளது.

‘சிரிச்சா போச்சு’ காட்சியிலும் இது இயன்றதே. முறையிடுபவர் ஒருவரேனும் பொருந்திய குறையோடு வந்து, நெறியாளரின் மாறாத தொடரில் அது மோதியிருந்தால், சிரிப்பின் சுமை முழுதும் அதிகாரத்தின்மீது ஏறியிருக்கும். சில நிமிடங்களில் போட்டியாளரைச் சிரிக்க வைத்தாக வேண்டும் என்ற விதி நடிகர்களை அந்தத் தேர்விலிருந்து விலக்குகிறது. விரைவான சிரிப்பு பேதைமையில் எளிதில் கிடைக்கும். கிந்தனாரின் சிரிப்புக்குக் கதை வேண்டும், கதைக்கு நேரம் வேண்டும். நடிகரின் மனப்பான்மையைவிடச் சுற்றின் விதியே இங்கு முதன்மைக் காரணம் என்பது இக்கட்டுரையின் கருத்து.

எனினும் கடந்தகால மேடையை மாசற்றதாகக் கொள்வதும் பிழையாகும். பபூனுக்கும் நடனப்பெண்ணுக்கும் இடையிலான காட்சிகள் பெண்ணுடலை மையமாகக் கொண்டே சிரிப்பை உருவாக்கின. நாடக நடிகையர்மீது சமூகம் சுமத்திய இழிவை சைசரின் நூல் விரிவாகப் பதிவுசெய்துள்ளது. கிந்தனார் மரபின் உச்சம், சராசரி அன்று. அளவுகோலாகக் கொள்வதற்கு உச்சமே தகும் என்பதனாலேயே அது இங்கு எடுத்தாளப்பட்டது.

7. பெண்வேடமும் நைட்டியும்: தளவாய்புரத்திலிருந்து ஒரு பார்வை

ஆண் பெண்வேடமிடுதல் தமிழ் மேடைக்குப் புதிதன்று. தெருக்கூத்திலும் பாய்ஸ் கம்பெனி நாடகங்களிலும் பெண்பாத்திரங்களை ஆண்களே ஏற்றனர். ஆயினும் அங்குப் பெண்வேடம் சிரிப்பதற்காக இடப்படவில்லை. திரௌபதியாகவோ வள்ளியாகவோ வரும் ஆண் நடிகர், தாம் ஆண் என்பதைப் பார்வையாளர் மறக்கும் அளவுக்கு நடிப்பதையே திறமையாகக் கொண்டார். தொலைக்காட்சி நகைச்சுவையில் இது தலைகீழாகிறது. வேடத்துக்குள் ஆண் இருப்பது மறக்கப்படக் கூடாது. மீசையும் தோளும் குரலும் வேடத்தைக் காட்டிக்கொடுத்தால்தான் சிரிப்பு வரும்.

இதற்குப் பயன்படும் உடைகளுள் நைட்டிக்குத் தனியிடம் உண்டு. சேலை மதிப்புக்குரிய உடை. அதனை அணிந்து வரும் நடிகர் அதற்குரிய ஏதேனும் ஒரு பாத்திரமாக வருகிறார். நைட்டியோ பாத்திரமின்றியே, மேடையில் தோன்றிய கணமே, சிரிப்பை எழுப்புகிறது. வீட்டு வேலை, தெருக்குழாய், வாசல் சண்டை ஆகியவற்றோடு இணைத்து அவ்வுடையை ஏளனமாகக் காணும் பார்வை முன்னரே சமூகத்தில் உள்ளது. ஆந்திரப் பிரதேசத்தின் தோக்கலப்பள்ளி என்னும் ஊரில் 2018இல் பகல் நேரத்தில் நைட்டி அணியும் பெண்களுக்கு ஊரார் அபராதம் அறிவித்த செய்தி, அப்பார்வை எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்குச் சான்று. உழைப்புக்கு வசதியாக இருப்பதாலேயே பெண்கள் அவ்வுடையைத் தேர்ந்தனர். உழைப்பின் அடையாளம் ஆனதாலேயே அது கேலிக்குரியதாயிற்று.

தளவாய்புரத்தில் அந்த உடையைத் தைப்போருள் பெண்கள் மிகுதி. தையல் கூடங்களிலும் வீட்டுத் திண்ணைகளிலும் பொறியின் முன்னமர்ந்து, உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலிக்கு, அவர்கள் தைக்கின்றனர். இக்கட்டுரையாளரின் இளமையில் இத்தகைய வீடு ஒன்றில், வேலை நடந்துகொண்டிருக்கும்போதே தொலைக்காட்சியில் நகைச்சுவை நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. நைட்டி அணிந்த நடிகர் ஒருவர் ஆடி வந்ததும், தைத்துக்கொண்டிருந்த மதினி ஒருவர் நிமிர்ந்து பார்த்து, “நம்ம தைச்சதப் போட்டுக்கிட்டு நம்மளையே கேலி பண்றான் பாரு” என்று சொல்லிச் சிரித்தார். கூட இருந்தோரும் சிரித்தனர். பின்னர்த் தையல் பொறி மீண்டும் ஓடியது.

அச்சிரிப்பை எவ்வாறு வகைப்படுத்துவது என்பதே நெடுங்காலம் இக்கட்டுரையாளரிடம் இருந்த வினா. பிறரால் எள்ளப்பட்டபோது தான் நகுதல் எனப் பேராசிரியர் பிரித்துக் காட்டிய வகை அதற்குப் பொருந்தும். அவர் பேதைமையால் சிரிக்கவில்லை. தாம் எள்ளப்படுவதை அறிந்தே சிரித்தார். அறிந்ததைச் சொல்லியும் விட்டார். இங்கு அவர் பபூனுக்கு எதிரே அமர்ந்த மிருதங்கக் கலைஞரைப் போல மறுமொழி தந்தார் என்றே கொள்ள வேண்டும். தொலைக்காட்சியின் இடைநிலைக் கேட்போரிடமிருந்து நீக்கப்பட்ட அந்த உரிமை, திரைக்கு வெளியே, தையல் பொறியின் முன் இருந்த ஒருவரிடம் எஞ்சியிருந்தது. ஆனால் அவரது மறுமொழி நடிகரைச் சென்றடையவில்லை. கோயில் கொடை மேடையில் அது சென்றடைந்திருக்கும். கூட்டத்திலிருந்து எழும் ஒரு சொல்லுக்குப் பபூன் பதில் சொல்லியாக வேண்டும். தவறினால் அவ்விரவு அவருக்கு அரிதாகிவிடும்.

இதனை அடிப்படையாகக் கொண்டு நோக்கினால், நெறியாளரைப் பகடி செய்த காட்சியில் பெண்வேடத்தின் பங்கும் தெளிவாகும். அதிகாரத்தைக் கேலி செய்வதே நோக்கம் எனில், பெண்குரலை மிகைப்படுத்துவது அதற்குக் கட்டாயத் தேவை அன்று. சிரிப்பில் ஒரு பகுதி நெறியாளரின் அதிகாரத்தை நோக்கியது. மற்றொரு பகுதி, ஒரு பெண் அதிகாரத்தோடு பேசுவதை நோக்கியது. லட்சுமி ராமகிருஷ்ணனின் நிகழ்ச்சியை ஏற்காதோரும் அவரது வருத்தத்தின் நியாயத்தை ஏற்க முடிவது இக்காரணத்தால்தான். முன்னது விமர்சனம், பின்னது பழகிய ஏளனம். பழகிய ஏளனம் உடன்வரும்போது விமர்சனம் எளிதில் சிரிப்பாகிறது. ஆனால் விமர்சனமாக அது நிலைப்பதில்லை.

8. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் முடிபுகள் பின்வருமாறு:

‘சிரிச்சா போச்சு’ சுற்று, ஸ்பெஷல் நாடகப் பபூனின் தனிப்பேச்சு மரபில் உள்ள இடைநிலைக் கேட்போர் என்ற அமைப்பைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்துள்ளது. ஆயினும் அக்கேட்போரின் மறுமொழி உரிமையை விதியின்மூலம் நீக்கியுள்ளது.

‘சொல்வதெல்லாம் உண்மை’ பகடி, மாறாத ஒரே தொடரின் வழியாக, தொலைக்காட்சிப் பஞ்சாயத்தின் மடமையை வெளிப்படுத்தியது. இது அதன் தலையாய வெற்றி. அழுகையின் களனில் நின்ற ஏழை முறையீட்டாளரைப் பேதைமையின் களனுக்கு மாற்றியமையும், பெண்குரலின்மீது கூடுதல் சுமை ஏற்றியமையும் அதன் குறைகள். ‘கிந்தனார்’ இக்குறைகளைத் தவிர்க்க முடியும் என்பதற்கு முன்னுதாரணம்.

நகைச்சுவை நிகழ்ச்சிகளை ஆராய்வோர் சிரிப்பின் அளவைக் கணக்கிடுவதோடு நில்லாமல், ஒவ்வொரு சிரிப்பும் எந்த நிலைக்களனில் தோன்றியது, அதன் சுமையை ஏற்றவர் யார், அவருக்கு மறுமொழி கூறும் இடம் தரப்பட்டதா என்ற மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். இவ்வினாக்களுக்குரிய கலைச்சொற்கள் மெய்ப்பாட்டியலிலும் அதன் உரைகளிலும் முன்னரே உள்ளன.

தொலைக்காட்சிக் காட்சிகள் இன்று இணையத்தில் துண்டுகளாகவே எஞ்சுகின்றன. முழு நிகழ்ச்சியும் அதன் நாளும் போட்டியாளரின் எதிர்வினையும் பிரிந்துபோகும் நிலையில், பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளும் நாட்டார் வழக்காற்றியல் மையங்களும் இவற்றை முழுமையாகத் தொகுத்துக் காத்தல் அவசியமாகும். அத்தொகுப்பில் நிகழ்த்தியோரின் நேர்காணல்களோடு, தளவாய்புரம் போன்ற ஊர்களில் வேலைக்கு இடையே அவற்றைப் பார்த்துச் சிரித்தோரின் சொற்களும் இடம்பெறுதல் வேண்டும். ஒரு நகைச்சுவைக் காட்சியின் வரலாறு அச்சொற்களையும் உள்ளடக்கியதே ஆகும்.